பதினான்காவது

நவம்பரின் நான்காம் திங்கள்.
பேர்ன் நகரில் வெங்காயச் சந்தை.
சடைசடையாய்ப் பின்னித் தொங்கிய வெங்காயங்களுக்குள்ளிருந்து
ஒரு பொடியன் கைநிறையக் கடதாசிப் பொட்டுகளை
என் தலையில் கொட்டிவிட்டு ஓடினான்.
தட்டித் தட்டிப் பார்த்தும் போகவில்லை.
அப்படியே ஆய்வுகூடத்துக்கு வந்தேன்.

குருதி தருகிறவர்களும் சந்தையில்தான்.
"உன்னுடையதைத் தாறியா?" என்றாள் ஊர்சினா,
கத்தரிக்கோல் கேட்பவள் போல.

ஒன்பது மில்லிலீட்டர்.
அதிலிருந்து பிரிந்து வந்தன நடுநிலைநாடிகள்.
உயர்தர வகுப்பில் நெட்டுருப் போட்ட சொல்;
இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான்
அதற்குச் சிரிக்க முடிந்தது.

உடம்பின் குழியங்கள் நுனியில்
ஒரு சர்க்கரை அணிந்திருக்கின்றன, சியாலிக் அமிலம்.
அதைத் தடவிப் பார்க்கும் வாங்கிகளில்
ஐந்தாவது "பொறு" என்னும்.
பதினான்காவது "பாய்" என்னும்.
முகம் இரண்டுக்கும் ஒரே அச்சு.
பழைய குப்பியிலிருந்த பிறபொருளெதிரி
இரட்டையரில் யார் வந்தாலும்
ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடும் கடைக்காரர் மாதிரி.

வெள்ளிக்கிழமை வந்தது புதுக் குப்பி.
ஏதோ ஒரு சுண்டெலியின் மண்ணீரல் கற்றுக்கொண்டது:
பதினான்காவதை மட்டும் அறியுமாம்.
பனிக்கட்டியில், இருட்டில், அரை மணி.
இரண்டு தரம் கழுவினேன்.

திரையில் புள்ளிகள் விழத் தொடங்கின,
பத்தாயிரம், கடதாசிப் பொட்டுகள்போல.
எல்லாம் இடப்பக்கம்.

குப்பி பழுது என்றாள் அவள்.
குழாய் மாறியிருக்கும் என்றேன் நான்.
அவளுடைய குருதியையும் எடுத்துத் திரும்பச் செய்தோம்.
அவளுடையவை வலப்பக்கம் போய்க் குவிந்தன,
கதவு மூடுமுன் ட்ராமுக்கு ஓடுகிறவர்களாய்.
என்னுடையவை
நின்ற இடத்திலேயே.

எந்தத் தலைமுறையிலோ
இரண்டு மரபணுக்கள் ஒட்டிப்போய்
ஒன்றின் குரல் காணாமற் போயிருக்கிறது.
ஆசியாவில் நிறையப் பேருக்கு இப்படித்தான் என்று
கட்டுரை ஒன்றைத் தேடி வாசித்தாள் ஊர்சினா,
குரலைத் தணித்து,
இழவு சொல்ல வந்தவள் மாதிரி.

நாற்பத்தொரு வருசம்.
அம்மை, மலேரியா, முகாம் தண்ணீர், இந்தக் குளிர்:
எல்லாவற்றையும் அது இல்லாமலே தாண்டியிருக்கிறேன்.
"அன்றைக்கு நீ ஏனடி வாயே திறக்கேல்லை?"
என்று இன்னமும் கேட்கும் அண்ணனுக்கு
இதுதான் காரணம் என்று எழுதலாம்.
பொய்தான்.
ஆனால் எவ்வளவு நல்ல பொய்!

இழவுக் குரல் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.
"நீதான் இனி எங்கள் மறைக் கட்டுப்பாடு!
வேறு யாரிடம் இவ்வளவு சுத்தமான ஒன்றுமில்லை கிடைக்கும்?"
நாட்காட்டியில் திங்கள் தோறும்
என் பெயரை எழுதினாள்.

குழாயில் ஒட்டுத்தாள் ஒட்டக் குனிந்தபோது
முடியிலிருந்து ஒரு சிவப்புப் பொட்டு
பனிக்கட்டிக்குள் விழுந்தது.
இருவரும் பார்த்தோம்.
யாரும் எடுக்கவில்லை.