நாலாம் எண்

குமிழில் நான்கு எண்கள்.
ஒன்று, இரண்டு, மூன்று
போன குளிர்காலத்திலேயே வாயடைத்துப்போயின.
நாலு மட்டும் ஊளையிட்டது.
ஊளையிட்டாலும் காற்று காற்றுதானே,
விட்டுவைத்தேன்.

நவம்பரில் அதுவும் தயங்கியது.
குழியில் சக்கரம் விழுந்தால் திடுக்கிட்டு எழும்,
சமதரையில் மறுபடி தூங்கும்.
லெஹ்டோவாரா இறக்கத்தில் ஒரு நல்ல குழி.
வேண்டுமென்றே அதில் இறக்குவேன்.
பிறகு பனி கொட்டி
நகராட்சி ஆறு வருடமாய் அடைக்காததை
ஓர் இரவில் அடைத்துவிட்டது.
சாலை வழுவழுப்பானது. ஹீட்டர் செத்தது.

மைனஸ் இருபத்தேழு.
அதிகாலை மூன்று மணி.
பின்சீட்டில் கட்டுக் கட்டாய்ச் செய்தித்தாள்,
சோட்கமோ சாலையில் அறுபத்திரண்டு பெட்டிகள்.
குழாயில் வெந்நீர் ஓடத்தான் செய்கிறது,
தொட்டால் சுடுகிறது.
அந்தச் சூட்டை என்னிடம் கொண்டுவர ஆளில்லை.

விட்ட மூச்செல்லாம்
கண்ணாடியின் உட்புறம் கோலமிட்டு உறைகிறது.
ஒரு கை சுரண்ட, ஒரு கை ஓட்ட,
நேர்ச்சாலையில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
பெட்டி வந்ததும் ஜன்னலை இறக்கி
தாளோடு மூச்சையும் வெளியே விடுவேன்.
முத்துக்குளிக்கிறவர்கள் கடலுக்கடியில் செய்வதை
நான் பைன் மரங்களுக்கிடையில் செய்துகொண்டிருந்தேன்.

"வித்துத் தொலை, இர்மெலி" என்றான் மச்சான் தைஸ்தோ,
தரைக்கடியில் வெந்நீர் ஓடும் வீட்டிலிருந்து.

ஞாயிறு. தாள் இல்லாத நாள்.
பக்கத்துப் பண்ணையின் டிராக்டர் கொட்டகை.
முதலில் ஃபியூஸ்:
வெள்ளைப் பீங்கான், முதுகில் தகரப் பட்டை,
அறுந்திருக்கவில்லை.
முனையில் பச்சை பூத்திருந்தது, உப்புத்தாளால் தேய்த்தேன்.
பலனில்லை.
சோதனை விளக்கை மோட்டாரின் இணைப்பில் வைத்தேன்.
எரிந்தது.

அப்படியானால் மின்சாரம்
வாசல்வரை வந்து நிற்கிறது,
உள்ளே யாரும் எழுந்திருக்கவில்லை.
ஸ்க்ரூடிரைவர் பிடியால் நானும் ஒரு தட்டு தட்டினேன்.
ஒரு இருமல். அரைச்சுற்று.
எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளில் பாதியைச்
சந்தோஷமாய்ச் சொன்னேன்.

கையுறைப் பெட்டியைக் கழற்றினேன்.
போன கோடையின் கொசுத்தைலம்,
இரண்டு கையுறை, இரண்டும் இடக்கைக்கு.
தோள்வரை கையை உள்ளே விட்டு
கன்னத்தை டேஷ்போர்டில் அழுத்தி
கண்ணால் பார்க்க முடியாததை
விரலால் பார்த்தேன்.
மாட்டுக்கொட்டிலில் வேலை செய்தபோது
கன்று குறுக்கே நின்றால் இப்படித்தான்:
குளம்பா, மூக்கா என்று கை சொல்லும்வரை
இழுக்கக் கூடாது.

மூன்று மணி நேரம். மூன்று திருகுகள் எங்கோ விழுந்தன,
ஒன்று மட்டும் கிடைத்தது.
மோட்டார் வெளியே வந்தது,
இறகுகளுக்கிடையில் பிர்ச் விதையும் தூசியுமாய்.

உள்ளே இரண்டு கரித்துண்டுகள்.
ஒன்று பட்டாணி அளவு.
மற்றது தேய்ந்து தேய்ந்து
செம்பை எட்டாமல் நின்றிருந்தது,
ஒரு நகக்கண் தூரத்தில்.
அந்த நகக்கண் இடைவெளிக்குள்தான்
இந்த ஜனவரி முழுவதும் இருந்திருக்கிறது.

கொட்டகை மூலையில்
பண்ணைக்காரன் எறிந்த சலவை இயந்திரம்.
அதன் கரித்துண்டுகள் கொஞ்சம் பெரியவை.
அரத்தால் ராவினேன்,
பொருத்திப் பார்த்தேன், மறுபடி ராவினேன்.
மூக்கைச் சிந்தினால் கறுப்பாய் வந்தது.

திங்கள், மூன்று பத்து.
குமிழை நாலுக்குத் திருப்பினேன்.
முதலில் ஒரு விதை மேலே பறந்து
என் உதட்டில் ஒட்டியது.
அப்புறம் ஊளை,
எரிந்த தூசியின் வாசம்.
கண்ணாடியின் அடியில்
கையகலப் பிறை ஒன்று தெளிந்து
மெல்ல மேலேறியது.

பதினேழாம் பெட்டி தாண்டித்தான் கவனித்தேன்,
நான் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுகிறேன்.
மூச்சை யாரும் எண்ணவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று
இன்னும் பேசவில்லை.
அது வேறொரு பாகம், வேறொரு ஞாயிறு.