மீதித் தூரம்

சென்னையிலிருந்து பள்ளத்தூர் எவ்வளவு நேரம்
என்று கேட்பார்கள்.
எதற்குப் போகிறீர்கள் என்பேன்.

பெண் பார்க்க என்றால் எட்டு மணி நேரம்,
மதுராந்தகத்தில் காபி உட்பட.
பாகப்பிரிவினை என்றால் ஏழு,
அதில் மூன்று போனில் சண்டை.
காலி வண்டி திரும்பும்போது
கணக்குப் பார்ப்பதில்லை.

நேற்று தேனம்மை ஆச்சி ஏறும்போதே சொன்னார்:
"அண்ணனுக்கு மூச்சு இழுக்குதாம். மிதிங்க."
நாலரை மணி நேரத்தில் திருச்சி.
கீரனூரில் ஒரு லாரியை
இடப்பக்கமாக முந்தினேன், தப்புதான்.

திருமயத்தில் போன் வந்தது.
கேட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.
கோட்டை பின்னால் போய் மறைந்ததும்,
"மெதுவாவே போங்க.
நீங்க இன்னும் டீ குடிக்கலையே?"

மீதி பதினைந்து கிலோமீட்டர்.
ஒரு மணி நேரம் ஆனது.
டிரிப் ஷீட்டில் தாமதத்துக்குக் காரணம் கேட்கும் கட்டம்
இன்னும் காலி.