ஒரு சென்டிமீட்டர், ஒரு மாதம்

தபஜோஸ் ஆற்றங்கரையில்
பிடரியிலிருந்து ஒரு கொத்து வெட்டத்
தலை குனிந்து தந்தாள் வால்டெனோரா.
சென்டிமீட்டருக்கு ஒரு மாதமென்று நறுக்கிக்
குப்பிகளில் போட்டோம்.

காட்டுக்குள் வெள்ளம் ஏறிய மாதங்களில்
பழம் தின்னும் மீனைத் தின்றிருக்கிறாள்.
பாக்கு என்று அதற்குப் பெயர்,
வெற்றிலை அறியாத பாக்கு.
பாதரசம் குறைவு.
நீர் வடிந்ததும் துக்குனாரே:
புழுவைத் தின்ற பொடியைத் தின்ற
மீனைத் தின்ற மீன்.
அந்த மாதங்கள் மட்டும்
முடிக்குள் கனத்துக் கிடந்தன.

மேலாற்றில் தங்கம் அரிப்பவர்களின் பெயர்
எந்தக் குப்பியிலும் இல்லை.

முடிவுத்தாளோடு திரும்பிப் போனேன்.
"இருபத்தொன்றா?
இதில் எத்தனை என் விரலுக்குப் போனது?
ஊசியில் நூல் நுழைவதில்லை.
வலை கிழிந்தபடியே கிடக்கிறது."

முடியில் உள்ளதைச் சொல்லலாம்,
விரலில் நடப்பதற்கு
இன்னும் பல சோதனை வேண்டும்,
வயதாகவும் இருக்கலாம்
என்றேன்.

"முப்பத்தெட்டு" என்றாள்.

பிறகு சாப்பிடக் கூப்பிட்டாள்.
விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த மீன்,
இருப்பதில் பெரியது,
மூன்று கிலோ இருக்கும்.
தட்டை என் பக்கம் நகர்த்தியபோது
விளிம்பு நடுங்கி மேசையில் தட்டியது.

முள்ளைப் பார்த்துச் சாப்பிடுங்கள்
என்றாள்.