கைக்குத் தனி விலை

முகத்துக்கு முப்பது கில்டர்,
கை ஒன்றுக்கு எட்டு என்றேன்.
எவெர்ட் லூபெர்ட்ஸ் உடனே
ஒரு கையைத் தொப்பிக்குள் விட்டுக்கொண்டார்,
இன்னொன்றை மேலங்கிக்குள்.
உப்பு ஹெர்ரிங்கில் பீப்பாய் பீப்பாயாகச் சம்பாதித்த மனிதர்.
பேரம் முடிந்தது.

தெவென்டரில் அது பனிமூட்ட மாதம்.
வடக்கு ஜன்னலில் வெளிச்சம்
நாலு மணி நேரம்தான் தங்கும்.
துணிக்கு முயல்தோல் பசை காய்ச்சினேன்;
கறிக்கடையா வைத்திருக்கிறாய் என்று
கீழிருந்து வீட்டுக்காரி கத்தினாள்.

வெள்ளை எப்படி வருகிறது என்று
சீமாட்டிகளிடம் சொல்வதில்லை.
காடிப் பானைமேல் ஈயச் சுருள்,
சுற்றிலும் குதிரைச் சாணி.
மூன்று மாதம் மூடிவைத்தால்
ஈயம் பூக்கும்.
இந்த ஊரின் கன்னங்கள் எல்லாம் அங்கிருந்துதான்.
அக்ரூட் எண்ணெய் விட்டு அரைக்க வேண்டும்;
ஆளிவிதை எண்ணெய் என்றால் பத்தே வருடத்தில்
சீமாட்டிக்கு மஞ்சள்காமாலை.
குழவிக்கடியில் கரகரப்பு அடங்கியதும்
போதும் என்பதைக் காதுதான் சொல்லும்.

அங்கிக்கு எலும்புக்கரி.
சுட்ட எலும்பு சோம்பேறி, லேசில் காயாது.
ஒரு சிட்டிகை அம்பர் மண் சேர்த்து விரட்டலாம்.
அன்றைக்குச் சிமிழ் காலி.

ஐந்தாம் நாள் ஃபெனெகென் வந்தாள், அவர் மனைவி.
கைக்குட்டை முடிச்சில் எட்டு கில்டர்.
"வலது கை வேண்டும், வெண்டெல்மூட்.
கப்பல் கயிறு சுண்டுவிரலை எடுத்துக்கொண்ட கை."
அவர் வந்து உட்கார வேண்டுமே என்றேன்.
பதிலுக்கு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
தன் சுண்டுவிரலை மட்டும் மடக்கிக்கொண்டு,
எங்கே இறுகும், எங்கே தளரும் என்று
காட்டிக்கொண்டே இருந்தாள்.
விட்டபோது நான்கு தடம் சிவந்திருந்தது.
எப்போது அப்படிப் பிடிப்பார் என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஈரக் கறுப்பைக் கத்தியால் வழித்தேன்.
அடியில் பச்சை மண், மேலே வெள்ளை,
கணுக்களில் துளி சாதிலிங்கம்.
முரட்டுத் தோலுக்குப் பன்றிமயிர்த் தூரிகை,
நகத்துக்கு அணில்மயிர்.
விரல் இல்லாத இடத்தில்
அங்கியின் கறுப்பையே விட்டேன்.
சாயம் மிச்சம் என்று ஒரு கில்டரைத் திருப்பித் தந்தேன்.
"அதுதானே கஷ்டமான விரல்"
என்று தள்ளிவிட்டாள்.

எவெர்ட் வந்து நெடுநேரம் நின்றார்.
யார் காசு என்று கேட்கவில்லை.
தொப்பியிலிருந்து கை வெளியே வந்தது,
தொடப் போய், நின்றது.
எப்போது காயும் என்றார்.
முகம் ஈஸ்டருக்கு என்றேன்.
கறுப்புக்கு நேரமாகும்.