ஒன்பதாம் இதழ், பி பக்கம்

எங்கள் பேச்சில்
உயிரெழுத்துக்கும் தெருவில் பதிக்கும் செங்கல்லுக்கும்
ஒரே சொல்தான்: கிளிங்கர்.
அந்தப் பெயரில் இந்த கென்ட் நகரத்திலிருந்து
ஒன்பது கலை இதழ்கள் வந்தன,
ஒன்பதும் கேசட்டில்.
காகிதம் என்று பார்த்தால்
பெட்டிக்குள் மடித்த ஓர் அட்டை.

முதல் எட்டும் சுலபமாகக் கிடைத்தன.
மூன்றில் ஒருவர்
ஓவியமொன்றை விரலால் தேய்க்கிறார், பதினொரு நிமிடம்.
ஐந்து முழுக்க அருங்காட்சியகத்து இருமல்கள்.
ஆறில் ஒரு சிற்பி தன் கல்லைத் திட்டுகிறாள்,
கல்லுக்கே ரோஷம் வரும்படி.

ஒன்பதுதான் வம்பு.
ஏ பக்கத்தில் ஆசிரியை ரோசெலீன் வெர்ஹாஸ்டின்
ஜலதோஷம் பிடித்த குரல்:
மறுபக்கம் வெற்று.
உங்கள் சமையலறையை அரைமணி நேரம் பதிந்து
திருப்பி அனுப்புங்கள்.
பத்தாம் இதழ் அதுதான்.

நூற்றிருபது பிரதிகள் போயின.
பத்தாம் இதழ் வரவில்லை.

அனுப்பாமல் விட்டவர்களின் பிரதிகள்
என் அலமாரியில் இருக்கின்றன, நாற்பத்தியொன்று.
ஒரே இதழை எத்தனை தடவைதான் வாங்குவாய்
என்கிறான் லீவன்.
வரி அலுவலகத்தில் வேலை அவனுக்கு,
ரசீதுகள் கண்ணை உறுத்தும்.

ஒரே இதழ் இல்லை, லீவன்.
லோக்கெரனில் ஒருத்தி பட்டாணி உரிக்கிறாள்,
கிண்ணம் நிறைய நிறைய
விழும் ஓசை மெத்தென்று ஆகிறது.
ஆல்ஸ்ட்டில் ஒரு நாய் தண்ணீர் குடிக்கிறது,
போகிறது, மறுபடி வந்து குடிக்கிறது.
ஒஸ்டெண்டில் கணவனும் மனைவியும்
கடனைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்;
டேப் ஓடுவது நினைவுக்கு வந்ததும்
இருவரும் சேர்ந்து
மழையைக் குறை சொல்கிறார்கள்.
இன்னொன்றில், ஊர் தெரியாது,
உறைமேல் பேனா ஓடும் சத்தம்.
நிற்கிறது.
"இதையெல்லாம் யார் கேட்பார்கள்?"
சடக்.

நான்.
ஹெட்போனோடு, இருபத்தாறு வருஷம் கழித்து,
பாத்திரம் துலக்காமல்.

போன ஞாயிறு சின்ட் யாக்கோப்ஸ் பழம்பொருள் சந்தையில்
உடைந்த டோஸ்டருக்கு அடியில் நாற்பத்திரண்டாவது கிடைத்தது.
அட்டையில் பென்சிலால் எண்: ஒன்று.
கீழே ரோ.வெ.
இரண்டு யூரோ கேட்டார்கள்,
கை நடுங்கி ஐந்தைக் கொடுத்துவிட்டு
மீதி வாங்காமல் ஓடிவந்தேன்.

அவளுடைய சமையலறை!
திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன்.
முப்பது நிமிடம்.
சன்னமான இரைச்சல்,
தொடாத நாடாவுக்கு மட்டும் உரியது.
ஒரு கரண்டிகூட விழவில்லை.

எல்லாரையும் கேட்டவள்
தன் அடுப்படியை மறந்திருக்கிறாள்.
இல்லை, அவளுக்கும் கூச்சமாக இருந்ததோ என்னவோ.

என்னைப் போலச் சேகரிப்பவர்கள்
இதைப் படித்தால் சபிப்பார்கள்.
அதில் பதிந்துவிட்டேன்.
நேற்று மாலை, லீவனிடம் சொல்லாமல்.
அவன் சிப்பிகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே
ஐந்து யூரோவை விடாமல் பேசினான்,
மூன்று யூரோ நஷ்டம், மூன்று யூரோ.
திறந்திருந்த சிப்பிகளைத் தொட்டித் திண்டில் தட்டினான்.
மூடிக்கொள்ளாத ஒன்று குப்பைக்கூடையில் விழுந்தது,
நல்ல ஒலி.

அட்டையில் இருந்த முகவரியைத்தான் எழுதினேன்,
ஈயப்பட்டறைத் தெரு பதினான்கு.
அங்கே இப்போது சைக்கிள் பழுதுபார்க்கும் கடை.
தெரியும்.
தபால்தலை ஒட்டியாகிவிட்டது.