வளர்ச்சி விகிதம்

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா சிட்டா என்றிருக்கும் போர்டில்
சின்ன எழுத்தில் நானே சேர்த்தது:
மானியக் கடனுக்குத் திட்ட அறிக்கை தயாரித்துத் தரப்படும்.

எழுநூறு ரூபாய்.
கறவை மாட்டுக்கு ஒரு கோப்பு, பாக்குமட்டைத் தட்டுக்கு ஒன்று,
அழகு நிலையத்துக்கு ஒன்று.
பெயரையும் தொகையையும் மாற்றினால் போதும்.
சில சமயம் மாடு மட்டும்
அழகு நிலையத்துக்குள் தங்கிவிடும்:
நாளொன்றுக்குப் பத்து லிட்டர்.
வங்கியில் யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஒச்சம்மாள் நகைக்கடைக் கட்டைப்பையோடு வந்தாள்.
ஆதார், சாதிச் சான்று, எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்,
மதுரைக் கம்பெனி ஒன்றின் விலைப்புள்ளி.
பிரித்துப் பார்த்தேன்.
ஆறரை அடி நீளம், கண்ணாடி மூடி,
அடியில் சக்கரம், எண்ணிக்கை மூன்று.
ஐஸ்கிரீமா, என்றேன்.
ஆள், என்றாள்.

துபாயிலிருந்து மகன் வந்து சேரும்வரை
தகப்பன் கெடாமல் இருக்க வேண்டும்.
மதுரையிலிருந்து வாடகைப் பெட்டி
செக்கானூரணி தாண்டுவதற்குள்
ஈ வந்துவிடுகிறது.
அவ்வளவுதான் அவளுடைய திட்டம்.
அறிக்கைக்கு இருபத்திரண்டு பக்கம் வேண்டும்.

உற்பத்தியா சேவையா என்று கேட்டது திரை.
சேவையை அழுத்தினேன்.
உட்பிரிவில் அவளுக்கு இடமில்லை.
மீனுக்கும் காய்கறிக்குமாக
"குளிர்பதன வசதி" என்று ஒன்றிருந்தது.
அதில் ஒண்டிக்கொண்டோம்.

அடுத்து, ஐந்தாண்டுகளுக்கான எதிர்பார்ப்பு.
என் கோப்புகளில் எல்லாமே
வருடம் பதினைந்து சதவீதம் கூடும்.
பால் கூடும், தட்டு கூடும்,
புருவம் திருத்த வருகிறவர்கள் கூடுவார்கள்.
பழக்கத்தில் கை அடித்துவிட்டது:
முதலாண்டு நூற்றிருபது.
இரண்டாமாண்டு நூற்று முப்பத்தெட்டு.

ஒச்சம்மாள் எட்டிப் படித்தாள்.
"இது என்ன கணக்கு?"
சொன்னேன்.
"கூடுற பதினெட்டு யார் யாருன்னு போட்டிருக்கா?"
நான் பேசவில்லை.
"அழிங்க."

வளர்ச்சி காட்டாத தொழிலுக்கு வங்கி கொடுக்காது,
கடன் வந்தால்தான் அதன் வாலைப் பிடித்து
மானியம் வரும், என்றேன்.
கொஞ்ச நேரம் லேமினேஷன் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அதில் யாரோ ஒருவருடைய இறப்புச் சான்று
சூடாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"நாற்காலி சேத்துக்கங்க. பந்தல், டியூப் லைட்டு.
அது கல்யாணத்துக்கும் போகும், காதுகுத்துக்கும் போகும்.
அது கூடட்டும்."

அப்படியே எழுதினோம்.
பெட்டி வாடகை ஐந்து ஆண்டும் நூற்றிருபது,
ஒன்றுகூட ஏறவில்லை.
நாற்காலிகள் மட்டும் வருடா வருடம் பெருகி
பக்கத்தின் ஓரத்தை இடித்தன.

தொழில் மையத்து நேர்காணலில்
சீசன் ஏதும் உண்டா என்று கேட்டார்களாம்.
மார்கழி, என்றாளாம்.
கேட்டவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டாராம்.

வங்கியில் இரண்டு முறை சர்வர் படுத்தது.
ஒரு முறை மேலாளர் மாறினார்.
ஆடி கழிந்து கடன் வந்தது.
மானியமும் வந்தது, அவள் கைக்கு அல்ல.
மூன்று வருடம் வைப்பில் கிடக்கும்,
தொழில் உயிரோடு இருந்தால் கடனில் வரவு வைப்பார்கள்
என்று விளக்கினேன்.
"அப்ப அவங்களும் பெட்டியிலதான் வச்சிருக்காங்க,"
என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் எழுந்தாள்.

ஐநூறு கொடுத்தாள்.
பாக்கி இருநூறை
"வாடகையில கழிச்சுக்கலாம்" என்றாள்.
கழுத்தில் ஏதோ சில்லென்றது.
ஃபேனைக் குறைத்தேன்.

அவள் தந்த விசிட்டிங் கார்டைக்
கல்லாவுக்கு மேலே ஒட்ட மனம் வரவில்லை,
கிழித்துப் போடவும்.
கீழ் இழுப்பறையில், ஸ்டேப்ளர் பின்னுக்கு அடியில் கிடக்கிறது.
பின் எடுக்கக் குனிந்து குனிந்து
எண் மனப்பாடமாகிவிட்டது.