ரப்பர் கயிறு

நாலாம் குறுக்குத் தெருவில்
வெங்காய மூட்டை ஏற்றிய பட்டா லொறி.
ரப்பர் கயிற்றின் ஒரு கொளுக்கி யூட்டின் கையில்,
மற்றது என் கையில்.
"இன்னும் கொஞ்சம் இழு" என்றான்.
இழுத்தேன்.
பிறகு நடந்தது
என் விரல்களுக்குத்தான் தெரியும்.

இரத்தம் இல்லை. இமைகூடக் கிழியவில்லை.
சர்பத் கடையில் ஐஸ் வாங்கி வைத்தோம்.
வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.
பின்னேரம் இன்னுமிரண்டு லோட் இறக்கினான்.

ஐந்தாம் மாதம்
நான் நீட்டிய பிளேன்ரீக்கு
இரண்டு விரற்கடை தள்ளி
காற்றைப் பிடித்தான்.
கப் உடைந்தது.
காசு நான் கொடுத்தேன்.

கண் ஆஸ்பத்திரி வாங்கில் முழுக்க
நரைத்த தலைகள்.
"நீங்க யாரைக் கூட்டிக்கொண்டு வந்தது?"
தாதி கேட்டாள்.
அவனுக்கு இருபத்தொரு வயது.
"என்னைத்தான், மிஸ்."

டொக்டர் வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டு
நெடுநேரம் பார்த்தார்.
அடிபட்ட வில்லையில் புரை சிலவேளை
இதழ் இதழாய் விரியுமாம்.
"மல் வகே" என்றார், சிங்களத்தில்.
மல்.
ஓரெழுத்துக் குறைந்த மலர்.
மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
ஒப்பரேஷனுக்கு ஆவணியில் திகதி.
வேறு வில்லை வைப்பார்கள்.
பின்விழித்திரை எப்படியென்று
திறந்த பிறகுதான் சொல்வார்களாம்.

லிப்டன் சந்தியில் வெயில்
அவனுக்கு மட்டும் பால்போலக் கலங்கியிருந்தது.
வலப்பக்கத்தால் வந்த பஸ்ஸைக் காணாமல்
காலை வைத்துவிட்டான்.
சேட்டைப் பிடித்து இழுத்தேன்.

பஸ் போனது.
புழுதி அடங்கும்வரை பேசாமல் நின்று
சொன்னான்:
"இந்த முறை
கைவிடேல்லை நீ."

சேட்டுத் துணி
இன்னும் என் விரல்களுக்குள்.